நரம்பு வலிக்கு வைட்டமினா? மொதல்ல அட்டைய திருப்பிப் பாருங்க

மும்பைல எந்த கெமிஸ்ட் கடைல போய் கால்ல ஜுன்ஜுனி வருது, அதான் குறுகுறுப்பு, ராத்திரில திகுதிகுன்னு எரியுதுன்னு சொன்னாலும் கடைக்காரர் யோசிக்கவே மாட்டார், ஒரு அட்டைய எடுத்து வெப்பார், நஸ் கா கோலி, அதாவது நரம்பு மாத்திரை, தினம் ஒண்ணு, அவ்ளோதான். மாதுங்கா, செம்பூர், தாராவி, எங்க போனாலும் இதே கததான். நம்மாளுங்களும் வைட்டமின்தானே, என்ன பண்ணிடப்போகுதுன்னு வருஷக்கணக்கா முழுங்கிட்டே இருப்பாங்க. சிலருக்கு சரியாகுது, நெறைய பேருக்கு ஆகறதில்ல, ஒரு சிலருக்கு அந்த மாத்திரையே நரம்ப கெடுக்குது. நீங்க இதுல எந்த ரகம்னு தெரிஞ்சுக்காம காசு செலவு பண்றதுல அர்த்தமே இல்ல. நான் டாக்டர் இல்ல, சுகரால கால் எரிச்சலோட பல வருஷமா காலம் தள்ளுற ஆளு. டாக்டருங்கள நச்சரிச்சு கேட்டும் அட்டைய திருப்பித் திருப்பி படிச்சும் தெரிஞ்சுக்கிட்டததான் எழுதுறேன்.

மொதல் வேலை ரத்தம் குடுக்கிறது. மாத்திரை, ஊசி எல்லாம் அதுக்கப்புறம். ஏன்னா ஒரு பி12 ஊசி போட்டுட்டு போய் டெஸ்ட் எடுத்தா நம்பர் எகிறி நிக்கும், உங்களுக்கு மொதல்ல குறையா இருந்துச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. பி12, மூணு மாச சுகர் சராசரிக்கு எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்த அணுக்களுக்கு சிபிசி, கிட்னிக்கு கிரியேட்டினின், இவ்ளோதான் டாக்டரும் மொதல்ல கேப்பார். பி12 200 பிகோகிராமுக்கு கீழ இருந்தா குறைன்னு வெச்சுக்கலாம், 200லேர்ந்து 300 வரைக்கும் ரெண்டுங்கெட்டான். ரிப்போர்ட்ல நார்மல்னு அச்சடிச்சிருந்தாலும் கால் மரத்துப்போகுதுன்னா விடாதீங்க, பி12 குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹோமோசிஸ்டீன் இல்லன்னா மெத்தில்மெலோனிக் ஆசிட் பாக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தசோகை இல்லியே, அப்ப பி12 நல்லாதான் இருக்கும்னு சில பேர் சொல்வாங்க, அத நம்பாதீங்க, ரத்தம் நல்லா இருக்கும்போதே நரம்பு அடிவாங்கலாம். அதுலயும் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டு வந்தா ரத்தம் தேறிடும், நரம்பு உள்ளுக்குள்ள போயிட்டே இருக்கும், கண்டுபிடிக்கவே லேட் ஆயிடும். இன்னொண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க லேப்ல அத சொல்லுங்க, அது தைராய்டு ரிசல்ட்ட தப்பா காட்டும், ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடச் சொல்வாங்க.

யாருக்கு பி12 குறையும்? சுத்த சைவம் சாப்பிடுறவங்க முதல் வரிசை. செடில விளையுற எதுலயும் பி12 கிடையாது, கீரைலயும் இல்ல பருப்புலயும் இல்ல, பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல்னு போனாத்தான் உண்டு. ஸ்பைருலினால இருக்குன்னு விக்கிறாங்களே, அதுல இருக்கிறது பெரும்பாலும் நம்ம உடம்புக்கு உதவாத போலி ரகம். அடுத்தது மெட்ஃபார்மின் வருஷக்கணக்குல சாப்பிடுற சுகர்காரங்க. 2022ல பிரிட்டன் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்களுக்கு அறிகுறி இருந்தா பி12 பாருங்கன்னு டாக்டருங்களுக்கு சொல்லிடுச்சு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, சுகரும் கால எரிக்கும், பி12 குறையும் கால எரிக்கும், அதனால எல்லாத்தையும் சுகர் தலைல கட்டிட்டு போயிடுவாங்க. மூணாவது நம்ம கேஸ் மாத்திரை, அதான் பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையறா. காலைல காபிக்கு முன்னாடி அத முழுங்குறது நம்ம வீடுகள்ல பல் தேய்க்கிற மாதிரி ஆயிடுச்சு, டாக்டர் ரெண்டு வாரத்துக்கு எழுதுனது அஞ்சு வருஷமா ஓடும். வயித்துல ஆசிட் குறைஞ்சா சாப்பாட்டுலேர்ந்து பி12 பிரிஞ்சு வராது. தண்ணி அடிக்கிறவங்களுக்கு பி1 குறையும், அதுவும் நரம்பதான் தாக்கும். டிபி மருந்துல வர்ற ஐசோனியசிட் பி6ஐ காலி பண்ணும், அதான் டிபி மருந்து குடுக்கிற டாட்ஸ் சென்டர்ல கூடவே பைரிடாக்சின், அதாவது பி6, குடுக்கிறாங்க. கை கால் மரத்துச்சுன்னா அங்க போய் சொல்லுங்க, டிபி மருந்த மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

குறைன்னு உறுதியாயிடுச்சு, சரி, ஊசியா மாத்திரையா? நரம்புல அறிகுறி இருந்தா பெரும்பாலும் 1000 மைக்ரோகிராம் ஊசிலதான் ஆரம்பிப்பாங்க, செக்கச்செவேல்னு இருக்கும் அந்த மருந்து. அதுக்கப்புறம் பல பேருக்கு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும், ஏன்னா அவ்ளோ பெரிய டோஸ் குடுத்தா குடல் ஒழுங்கா உறிஞ்சலன்னாலும் நூத்துல ஒரு பங்கு எப்படியாவது உள்ள போயிடும், உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ரெண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். மெத்தில்கோபாலமினா சயனோகோபாலமினான்னு சண்டை போடாதீங்க, ரெண்டும் பி12 வகைதான், குறைய சரி பண்ண ரெண்டும் ஆகும். ஆரம்பிச்ச புதுசுல குறுகுறுப்பு கொஞ்சம் கூடுற மாதிரிகூட இருக்கும், பயந்து விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு தொடருங்க. பொறுமை வேணும். அறுந்த நரம்பு வளர்றதே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான், கால் நுனி வரைக்கும் தேறி வர மாசக்கணக்குல ஆகும், ரொம்ப நாள் கவனிக்காம விட்டிருந்தா கொஞ்சம் மரப்பு தங்கியும் போயிடும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம், பி6. அட்டைல பைரிடாக்சின்னு போட்டிருக்கும். ஒரு நாளைக்கு நமக்கு தேவை சுமார் ரெண்டு மில்லிகிராம். அளவுக்கு மீறி மாசக்கணக்குல போனா இதே வைட்டமின் உணர்ச்சி நரம்ப பழுதாக்கும், பாதம் மரக்கும், எரியும், நடை தள்ளாடும். அதாவது எதுக்கு மாத்திரை சாப்பிட்டோமோ அதே அறிகுறி! வலி கூடுதேன்னு இன்னொரு மாத்திரை சேத்து சாப்பிடுவாங்க, அது இன்னும் மோசமாக்கும். அமெரிக்கால இதுக்கு உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம்னு வெச்சிருக்காங்க, ஐரோப்பால 2023ல அத 12 மில்லிகிராம்னு இறக்கிட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ தூரம் இருக்கே, எத எடுத்துக்கறதுன்னு கேட்டா, டாக்டர் காரணம் சொல்லி எழுதாத வரைக்கும் நான் சின்ன நம்பர் பக்கம்தான்.

எங்க பில்டிங்ல ஒரு மாமி இருக்காங்க, பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை. டாக்டர் குடுத்தது ஒண்ணுதான்ப்பா, மிச்சமெல்லாம் வெறும் வைட்டமின்னாங்க. டேபிள்ல கொட்டி ஒவ்வொண்ணா பின்பக்கம் திருப்பி வெளிச்சத்துல புடிச்சு படிச்சோம், அந்த வெள்ளி தாள்ல எழுத்து எறும்பு சைஸுக்குத்தான் இருக்கும், போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கி பாத்தா தெரியும். டாக்டர் எழுதுன நரம்பு மாத்திரைல பி6 3 மில்லிகிராம். பையன் ஆன்லைன்ல வாங்கிப்போட்ட மல்டிவைட்டமின்ல 2. ஊர்லேர்ந்து யாரோ கை எரிச்சலுக்கு நல்லதுன்னு குடுத்தனுப்புன அட்டை வெறும் பைரிடாக்சின், ஒரு மாத்திரை 100. தினம் மூணும் போட்டா 105. மூணு அட்டைலயும் முன்பக்கம் வேற வேற பேரு, கலரும் வேற, பின்னாடி திருப்புனாத்தான் ஒரே சரக்குன்னு தெரியுது. மாமி மூணையும் அப்படியே பைல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போனாங்க, அவர் மூணாவத எடுத்து குப்பைல போடச் சொன்னார். நீங்களும் இந்த கூட்டல போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அட்டைய திருப்பும்போதே இன்னொண்ணும் பாருங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் உணவு பாதுகாப்பு அமைப்போட முத்திரையும் 14 இலக்க நம்பரும் இருந்தா அது சட்டப்படி உணவு ரகம், மருந்து லைசன்ஸ் நம்பர் இருந்தா மருந்து. செவப்பு கோடு போட்டிருந்தா சீட்டு இல்லாம வாங்கவே கூடாது. ப்ரீகபாலின்ங்கிற நரம்பு வலி மருந்தும் மெத்தில்கோபாலமினும் கலந்த மாத்திரைய நெறைய பேர் வைட்டமின்னு நெனச்சு சாப்பிடுறாங்க, பேரும் அப்படித்தான் வெச்சிருப்பாங்க. வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான், தினமும் இல்ல. தினம் போட்டா கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னி வரைக்கும் போகும். நரம்பு மாத்திரைல சேக்குற ஆல்ஃபா லிபோயிக் ஆசிட்ட சுகர் நரம்பு வலிக்கு ஆராய்ச்சில குடுத்து பாத்தது பெரும்பாலும் 600 மில்லிகிராம், நம்ம கலவை மாத்திரைல 100தான் இருக்கும், அதனால பெருசா எதிர்பார்க்காதீங்க, சுகர இறக்கவும் செய்யும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. சிறுநீர் மஞ்சளா போனா பயம் வேண்டாம், அது பி2.

வலி வேற, குறை வேற. பி12 சரியா இருக்கிறவங்களுக்கு இன்னும் பி12 ஊத்துனா வலி போகும்னு கணக்கு கிடையாது. சயாட்டிகாலயோ மணிக்கட்டுலயோ நரம்பு நசுங்கி வர்ற வலிக்கும் வைட்டமின் வைத்தியம் ஆகாது. நரம்பு வலிக்குன்னே இருக்கிற மருந்து அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், கபாபென்டின், ப்ரீகபாலின், எல்லாமே டாக்டர் சீட்டுல வர்றது. சாதாரண வலி மாத்திரை இதுக்கு அவ்வளவா கேக்காது. இதுல பலதையும் குறைஞ்ச டோஸ்ல ராத்திரில ஆரம்பிப்பாங்க, மொத சில நாள் தலை சுத்தும், தூக்கம் தள்ளும், அந்த நாள்ல பீக் டைம் லோக்கல் ட்ரெயின் வாசல்ல தொங்கிட்டு போகாதீங்க, ஒரு வண்டி போனா போகட்டும். கூட தண்ணி அடிக்கவே கூடாது. கிட்னி கொஞ்சம் மந்தம்னா ப்ரீகபாலின், கபாபென்டின் அளவ குறைக்கணும். நல்லா இருக்குன்னு டப்புனு நிறுத்தாதீங்க, படிப்படியாத்தான் இறக்கணும்.

காலுக்கு வருவோம். எரியுதுன்னு ஐஸ் வைக்கிறது, மரக்குதுன்னு வெந்நீர் பை வைக்கிறது ரெண்டும் ஆபத்து, உணர்ச்சி இல்லாத கால் வெந்தா கூட தெரியாது. வெந்நீர்ல கால் விடணும்னா மொதல்ல முழங்கைய விட்டுப் பாருங்க. தினம் தூங்கப்போகும்போது உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்க, குனிய முடியலன்னா கண்ணாடிய தரைல வைங்க. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க, அம்மா திட்டுவாங்கதான், வீட்டுக்குன்னு தனி ஜோடி வாங்கிக்கோங்க. செடா நகர் முருகன் கோயிலுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க, மே மாச மத்தியானத்துல அந்தப் படில வெறுங்கால் வெச்சா கொப்புளம் வந்தது சாயங்காலம்தான் தெரியும். ராத்திரி போர்வை பட்டாலே சுள்ளுங்குறவங்க தளர்வான காட்டன் சாக்ஸ் போட்டுப் பாருங்க. மிளகாய் காரத்துல இருக்கிற கேப்சைசின் க்ரீம் சிலருக்கு கேக்கும், ஆனா மொதல்ல எரிச்சல் தரும், புண் மேல தடவக்கூடாது, தடவிட்டு சோப்பு போட்டு கை கழுவாம கண்ண தொட்டீங்கன்னா செத்தீங்க.

மழைக்காலம் தனி தலைவலி. இந்துமாதாலயும் சயான்லயும் முழங்கால் தண்ணில நடந்து வந்துட்டு கால்ல வெட்டு இருக்கிறது தெரியாமலே தூங்கிடுவோம். அந்த தண்ணில எலி சிறுநீர் கலந்து லெப்டோ, அதான் எலிக்காய்ச்சல், வரும், வருஷா வருஷம் முனிசிபாலிட்டியே சொல்றாங்க, தண்ணில நடந்தவங்க மூணு நாளுக்குள்ள டாக்டர பாத்து தடுப்பு மருந்து வேணுமான்னு கேளுங்கன்னு. கால் மரத்தவங்க இத ரெண்டு மடங்கு கவனிக்கணும்.

டாக்டர்கிட்ட போகும்போது எல்லா அட்டையும் பைல இருக்கட்டும், ஆயுர்வேதப் பொடி, ஊர் லேகியம் உட்பட, சிலதுல ஈயம் கலந்திருக்கும், அதுவும் நரம்ப கெடுக்கும். தனியார் ஃபீஸ் கட்டுப்படியாகலன்னா சயான், கேஇஎம் மாதிரி முனிசிபல் ஆஸ்பத்திரில காலைலயே போய் கேஸ் பேப்பர், அதான் ஓபி சீட்டு, எடுங்க. சும்மா வலிக்குதுன்னு சொல்லாம எப்ப ஆரம்பிச்சது, ரெண்டு காலுமா ஒரு காலா, இருட்டுலயோ கண்ண மூடி மூஞ்சி கழுவும்போதோ தள்ளாடுதான்னு எழுதி எடுத்துட்டு போங்க, கேக்குறதுக்கு அங்க டைம் கம்மி.

ஆனா சில விஷயத்துக்கு ஓபிடி க்யூல நிக்கக்கூடாது, நேரா கேஷுவாலிட்டி போகணும். கால்ல ஆரம்பிச்ச பலவீனம் நாளுக்கு நாள் மேல ஏறுது, திடீர்னு ஒரு பக்கம் கை கால் விழுது, வாய் கோணுது, பேச்சு குழறுது, இடுப்புக்கு கீழ உட்கார்ற இடம் மரத்துப்போகுது, யூரின் கட்டுப்பாடு போகுது. இதுல ஒண்ணு இருந்தாலும் 108க்கு அடிங்க.