துபாய்க்கு இரண்டரை மணி நேரம்தானா? பயணக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். ஆனாலும் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பலரும் அதே தப்புக் கணக்கைத்தான் போடுகிறார்கள். மதுரையில் காலை 11 மணிக்கு ஏறினால் துபாயில் பகல் 1.30-க்கு இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். 'அட, இரண்டரை மணி நேரம்தானே!' என்பார்கள். திரும்பும்போது மாலை 3 மணிக்குக் கிளம்பி இரவு 8.30-க்கு மதுரை. 'வரும்போது மட்டும் ஏன் அஞ்சரை மணி நேரம்?' என்று கேட்பார்கள். இரண்டுமே நாலு மணி நேரம்தான். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சவூதி, கத்தார், குவைத் என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கைக்கு வித்தியாசமே இல்லை.

இதைவிடக் காசைக் கரைக்கும் தவறு தேதியில் நடக்கும். என் மச்சானுக்குச் சென்னையிலிருந்து 15-ஆம் தேதி 00.40-க்கு விமானம். 15-ஆம் தேதி பகல் பூராவும் பெட்டி கட்டினார். கருவாட்டையும் நன்னாரி சர்பத்தையும் துணிக்குள் சுருட்டி வைத்து, எடை பார்த்து, மறுபடி பிரித்துக் கட்டினார். ராத்திரி விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது நேத்தே போயிருச்சே" என்றார். 00.40 என்றால் 14-ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்கே சென்னையில் இருக்க வேண்டும்.

அடுத்தது தூரம். மதுரை–துபாய் நேர்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். சில தளங்கள் இதையே 1,590 என்று காட்டும். பயந்துவிட வேண்டாம், அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கடலோரத்துக்காரர்களுக்கே இது குழம்புவதுதான் வேடிக்கை.

விலை குறைவு என்று கொழும்பு வழி டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. மதுரை–கொழும்பு சுமார் 350, கொழும்பு–துபாய் சுமார் 3,300. கூடுவது 700 கிலோமீட்டர்தான், வானத்தில் அது ஒரு மணி நேரம். ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று பார்த்தீர்களா? சில நேரம் பறக்கும் நேரத்தைவிட அதுதான் நீளம்.

கொழும்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 1964 புயலுக்கு முன்பு ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறிப் போனார்கள். இன்று ராமேஸ்வரத்துக்காரர் விமானத்தில் இலங்கை போக, முதலில் எதிர்த்திசையில் மதுரைக்கு 170 கிலோமீட்டர் போக வேண்டும். வானத்தில் ஒரு மணி நேரம், சாலையில் மூன்றரை மணி நேரம்.

அதனால் கணக்கை வீட்டு வாசலிலிருந்து போடுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்வார்கள். கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பகல் 11 மணி விமானம் என்றால் ராமேஸ்வரத்தில் அதிகாலை நாலு மணிக்கே வண்டி கிளம்பியிருக்க வேண்டும். பாம்பன் பாலத்தில் நிறுத்திப் படம் பிடிப்பதை வரும்போது வைத்துக்கொள்ளலாம்.