'ரொம்ப' என்று சொல்ல இங்கிலீஷில் எதை எடுப்பது?

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் நகரத்தார் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற பிள்ளைகளுக்குப் பேச்சு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், கண்ணாடி மேல் வார்த்தெடுக்கிற ஆத்தங்குடித் தரைக் கல் என்று வீட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வரும். ஒன்றை அழுத்திச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறார்கள். நமக்கு ஒரு 'ரொம்ப' போதும். அங்கே அடுத்து வருகிற வார்த்தையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் 'டூ'. இது அளவு மீறிவிட்டது என்று சொல்கிற வார்த்தை. "திஸ் ஹவுஸ் இஸ் டூ பிக்" என்றால், வீடு வேண்டியதைவிடப் பெரிசு என்று குறை சொன்னதாகிவிடும். வீட்டைப் புகழ 'வெரி பிக்' போதும். விருந்தாளி கோழிக் குழம்பை "டூ ஸ்பைசி" என்றால் பாராட்டு என்று நினைத்துச் சிரிக்காதீர்கள், தயிர் கொண்டு வந்து வையுங்கள்.

அடுத்தது 'வெரி'யா, 'அப்சல்யூட்லி'யா? பிக், ஓல்ட், ஹாட் போன்றவை கூடும், குறையும். அவற்றுக்கு 'வெரி'. ஹ்யூஜ், எக்ஸலன்ட், பெர்ஃபெக்ட் போன்றவை ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. அவற்றுக்கு 'அப்சல்யூட்லி'. 'வெரி ஹ்யூஜ்', 'அப்சல்யூட்லி பிக்' இரண்டுமே காதில் இடறும். சந்தேகம் வந்தால் 'ரியலி' போடுங்கள், இரண்டு பக்கமும் ஒட்டும்.

கல் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், இந்த டிசைன் அதைவிட ரொம்ப நல்லதுன்னா 'வெரி பெட்டர்'தானே?" இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது 'மச் பெட்டர்', 'ஃபார் பெட்டர்'. எல்லாவற்றையும்விட என்றால் 'பை ஃபார் த பெஸ்ட்'.

'ஸோ', 'சச்' இரண்டுக்கும் கணக்கு எளிது. குணத்தை மட்டும் சொன்னால் "ஸோ பியூட்டிஃபுல்". பொருளையும் சேர்த்தால் "சச் எ பியூட்டிஃபுல் டோர்". 'க்வைட்' என்ற வார்த்தையைப் பாராட்டுக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. "க்வைட் குட்" என்பது அமெரிக்கர் காதில் ரொம்ப நல்லது, பிரிட்டிஷ்காரர் காதில் பெரும்பாலும் 'பரவாயில்லை'.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது நம் 'தான்', 'ஏ' இரண்டையும்தான். இவற்றை அப்படியே 'ஒன்லி', 'இட்செல்ஃப்' ஆக்கிவிடுகிறோம். "ஐ ஆம் ஃப்ரம் காரைக்குடி ஒன்லி", "டுடே இட்செல்ஃப்" என்று நமக்குள் பேசும்போது ஒரு குழப்பமும் இல்லை, அதைத் தப்பு என்று நான் திருத்துவதும் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கோ 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. நகரத்தார் வீட்டின் உள்கூடத்தை வளவு என்போம். "இந்த வளவிலேதான் கல்யாணம் நடக்கும்" என்பதை "ஒன்லி வெட்டிங்ஸ் இன் திஸ் ஹால்" என்று சொன்னால், வேறு எதுவும் அங்கே நடக்காது என்று எடுத்துக்கொள்வார். "இன் திஸ் வெரி ஹால்" என்று சொல்லிப் பாருங்கள். பொருளுக்கு முன்னால் வரும் இந்த 'வெரி' நம் 'இதே' மாதிரி. ரொம்ப என்ற அர்த்தம் இதற்கு இல்லை. 'இங்கேயே' என்பதற்கு "ரைட் ஹியர்". இன்றைக்கே பணம் கட்டணும் என்றால், 'டுடே' என்ற வார்த்தையில் குரலை அழுத்தினால் போதும். வார்த்தையே கூட்ட வேண்டாம்.

வினைச்சொல்லை அழுத்த நம்மிடம் இருக்கிற வழி அவர்களிடமும் இருக்கிறது. "நான் போன் பண்ணத்தான் செய்தேன்" என்பதற்கு "ஐ டிட் கால் யூ". ரூம் புக் பண்ணியவர் யாரும் கூப்பிடவில்லை என்று கோபப்படும்போது இதைச் சொல்லலாம். அப்போது 'டிட்' மேல் அழுத்தம் கொஞ்சமாக இருக்கட்டும், கூடினால் சண்டைக்குப் போகிற மாதிரி கேட்கும். அதற்கு முன்னால் ஒரு 'ஸாரி' சேர்த்துக்கொள்ளுங்கள்.