ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரை போறீங்களா? சுகர் உள்ளவங்க கவனத்துக்கு

ஆடி 18-க்கு காவிரிக்கரை போறப்ப இன்சுலின் பேனாவை காருக்குள்ள விட்டுட்டு இறங்கிடாதீங்க, மூடுன கார்ல சூடு ஏறுனா மருந்து வீணாயிடும். அதுக்காக ஐஸ்கட்டி மேல நேரா வைக்கிறதும் தப்புதான், ஒருதடவ உறைஞ்சிட்டா தூக்கி போட வேண்டியதுதான். ஒரு கவர்ல போட்டு ஈரத்துணி சுத்தி நிழல்ல வச்சா போதும்.

அடுத்து சாப்பாட்டு டைம். ஒரு மணிக்கு சாப்பாடுன்னு சொல்லுவாங்க, சாமி கும்பிட்டு, போட்டோ எடுத்து, பெரியப்பா வந்து சேர்ந்து இலை போடறதுக்குள்ள மூணாயிடும் (நம்ம வீட்ல மட்டும் இல்ல, எல்லா வீட்லயும் இதே கதைதான்). அதனால சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற ஊசிய, இலையில சோறு விழுறத பாத்துட்டு போடுங்க. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்கா சாதம், தயிர்சாதம் எல்லாமே அரிசிதான், ரெண்டு வகையோட நிறுத்திட்டு சுண்டலும் வெள்ளரிக்காயும் சேத்துக்கங்க.

கை நடுங்கி, வேர்த்து, படபடன்னு வந்தா சுகர் ரொம்ப இறங்கியிருக்கலாம், உடனே டெஸ்ட் பண்ணுங்க. 70-க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. கையில காப்பரிசி இருக்கேன்னு அத மென்னுட்டு உக்காந்திருக்காதீங்க, அது மெதுவாத்தான் ஏறும்.

அப்புறம் படித்துறை கல்லு மத்தியானம் நல்லா சுடும், கால் மரத்துப்போனவங்களுக்கு அந்த சூடே தெரியாது, அதனால தண்ணி வரைக்கும் செருப்போடயே போங்க.