ஃப்ளூ மாத்திரை வாங்குறப்போ டப்பாவ திருப்பி பாருங்க

போன மாசம் எங்க சித்திக்கு சளி, காய்ச்சல். பினாங்கு ஜெலுத்தோங்ல அவங்க வீட்டுக்கு போயி பாத்தா மேசையில ஃப்ளூ மாத்திரை ஒரு அட்டை, பக்கத்துலயே பெனடால் ஒரு அட்டை. அது சளிக்கு, இது காய்ச்சலுக்குன்னு ரெண்டையும் ரெண்டு ரெண்டா மூணு வேளை போட்டுருக்காங்க. அந்த ஃப்ளூ மாத்திரை ஒவ்வொண்ணுலயும் ஏற்கனவே 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கு, பெனடாலும் அதேதான், அப்போ ஒரு நாளைக்கு 6000 ஆயிடுச்சு. பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4000 தான் எல்லை, மீறினா ஈரல் கெட்டுரும், மொத நாள் பெருசா ஒண்ணும் வெளிய தெரியாது, அதான் பயமே. உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி ரத்தம் பாத்தோம், தப்பிச்சாங்க.

அதனால டப்பா முன்னாடி போட்டிருக்கிற பேர நம்பாதீங்க, பின்னாடி ஒரு மாத்திரையில என்னென்ன இருக்குங்கிற வரிய படிங்க. பாராசிட்டமால் இருந்தா அது காய்ச்சலுக்கும் வலிக்கும், அப்போ தனியா பெனடால் வேண்டாம். சூடோஎபிட்ரின் மூக்கடைப்புக்கு, நல்லா கேக்கும், ஆனா பிரஷர், இருதய நோய் இருக்கிறவங்களுக்கு ஆகாது, ராத்திரி போட்டா தூக்கமும் போயிரும், நம்ம மலேசியாவுல இத பார்மசிஸ்ட் கையால தான் வாங்கணும். அதுக்கு பதிலா நெறைய டப்பாவுல ஃபினைல்எஃப்ரின் இருக்கும், 2023ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட நிபுணர் குழுவே வாயால சாப்பிடுற ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்யலன்னு சொல்லிட்டாங்க, நான் அதுக்கு காசு போட மாட்டேன்.

குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் ரெண்டும் தும்மல், மூக்கு ஒழுகுறது, அலர்ஜிக்கு. தூக்கம் தூக்கமா வரும், லேபல்லயே மலாய்ல வண்டி ஓட்டாதீங்கன்னு போட்டிருக்கும், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க, பினாங்கு பாலத்துல மோட்டார்ல வர்றவங்க தயவுசெஞ்சு போட்டுட்டு கெளம்பாதீங்க. புரோஸ்டேட் வீக்கம் இருக்கிற தாத்தா, மாமாவுக்கு இதனால ஒண்ணுக்கு அடைச்சுக்கலாம், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தாலும் கேட்டுட்டு தான் குடுக்கணும். வெறும் அலர்ஜி மட்டும்னா லோராட்டடின் மாதிரி தூக்கம் கம்மியா வர்ற ஒத்த மாத்திரையே போதும், பல மருந்து சேர்ந்த கூட்டு மருந்து எதுக்கு?

இருமல் மருந்துல டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் வறட்டு இருமல அடக்குறதுக்கு, குவைஃபெனசின், புரோம்ஹெக்சின் சளிய இளக்குறதுக்கு. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் பார்மசிஸ்ட கேக்காம எடுக்காதீங்க, சில மருந்தோட சேர்ந்தா ஆபத்து.

சின்ன புள்ளைங்களுக்கு, அதுவும் 2 வயசுக்கு கீழ, இந்த கூட்டு மருந்து எதுவும் கடையில வாங்கி ஊத்தாதீங்க, பெரியவங்க மருந்த பாதியா உடைச்சும் குடுக்காதீங்க. 1 வயசு தாண்டினா தேன் குடுக்கலாம், அதுக்கு முன்னாடி தேனும் கூடாது.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல காய்ச்சல்னாலே டெங்கியும் மனசுல இருக்கணும், அதனால ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரை பக்கம் போகாதீங்க, ரத்தக் கசிவு கூடும். ரெண்டு நாளாகியும் காய்ச்சல் விடல, இல்ல வயிறு வலிக்குது, வாந்தி நிக்கலன்னா மாத்திரைய மாத்தி மாத்தி போட்டு பாக்காம அன்னைக்கே கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போயி ரத்தம் குடுங்க, போறப்போ போட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையில எடுத்துட்டு போங்க.