தீர்க்கதரிசன ஆகமங்களைத் தினமும் வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்களாக வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் ஓராண்டில் முடிக்கத் தீர்மானிப்பவர், ஜூலைக் கடைசியில் ஏசாயாவை அடைவார். அங்கிருந்து மல்கியா வரை உள்ள தீர்க்கதரிசன ஆகமங்களின் 250 அதிகாரங்களை முடிக்க அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். காவிரி டெல்டாவில் இது குறுவை அறுவடையும் சம்பா நாற்றங்காலும் நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் காலம். அதிகாலை தியானத்துக்கு எழுவதே பெரும்பாடாக இருக்கும் அந்த வாரங்களில்தான் எசேக்கியேலின் சக்கரங்களும் தானியேலின் மிருகங்களும் எதிர்ப்படுகின்றன. பலர் கணக்குக்காகக் கண்ணை ஓட்டுகிறார்கள்; சிலர் நேரே மத்தேயுவுக்குத் தாவிவிடுகிறார்கள். தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், 1719-ல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். தீர்க்கதரிசிகளைத் தமிழில் கொண்டுவர அவருக்குப் பின்வந்தவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. அப்படி வந்து சேர்ந்த நூல்களை அவசரத்தில் தாண்டிப்போவது பெரிய இழப்பு. இந்தப் பகுதிக்கு மட்டும் நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுத் திட்டம் ஒன்றரை ஆண்டாகும். அதனால் குறை ஒன்றும் இல்லை.

இதைவிட ஆழமான தவறு, ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொள்வது. புத்தாண்டு இரவு ஆராதனையில் தரப்படும் வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுக் கூடத்தில் தொங்கும் காலண்டரிலும் எரேமியா 29:11 அடிக்கடி இடம்பெறுகிறது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பதை வாசித்துவிட்டு, மகனுக்கு வளைகுடா விசா இந்த ஆண்டே வந்துவிடும் என்று ஒரு தாய் நம்பிக்கொள்கிறார். அவருடைய விசுவாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வசனம், கி.மு. 597-ல் யூதாவின் எகோனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் 70 ஆண்டுகள் என்று கெடு சொல்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றும், ஏழாம் வசனம் சிறையிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்றும் கட்டளையிடுகின்றன. கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவருக்கு, ‘நீ ஊர் திரும்பமாட்டாய், உன் பேரப்பிள்ளைகள் திரும்புவார்கள்’ என்பதே அதன் பொருள்.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் இது இன்னும் தெளிவாகும். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று தேவாலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து உடைத்துப்போட்டான். அவன் சொன்னதைக் கேட்டு எரேமியாவே முதலில் ‘ஆமென்’ என்றார். அப்படியே நடக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனாலும் அனனியா சொன்னது பொய். இனிப்பாக இருப்பதால் மட்டும் ஒரு வார்த்தை கர்த்தருடைய வார்த்தை ஆகிவிடாது என்பதை 28-ஆம் அதிகாரம் காட்டிய பிறகுதான் 29-ஆம் அதிகாரத்தின் ஆறுதல் வருகிறது. அந்த வரிசையில் வாசிக்கிறவருக்கு ஆறுதல் குறைவதில்லை. காத்திருக்கும் பலமும் கூடவே கிடைக்கிறது.

மூன்றாவதாக, நாளிதழ்ச் செய்தியைத் தீர்க்கதரிசனத்தோடு ஒட்டவைக்கும் பழக்கம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையையும் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் அடித்துச் சென்றது. சமுத்திரமும் அலைகளும் முழங்கும் என்ற லூக்கா 21:25-ஐ இத்தகைய பேரழிவோடு பொருத்தி, இறந்தவர்கள்மேல் வந்த நியாயத்தீர்ப்பு என்று பேசுவது, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அதே லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்லி, மனந்திரும்ப வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்களே என்று திருப்பிவிட்டார்.

நாள் குறிப்பதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. தானியேல் 8:14-இன் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்ட அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள், 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்துபோனார்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்ற அப்போஸ்தலர் 1:7 அவர்கள் கையிலிருந்த வேதத்திலும் இருந்தது. தானியேலைப் பாருங்கள்: ஒன்பதாம் அதிகாரத்தில் அவரும் எரேமியாவை வாசித்து 70 ஆண்டுக் கணக்கை அறிந்துகொள்கிறார். அறிந்ததும் அவர் நாளை எண்ணவில்லை; உபவாசித்து, இரட்டும் சாம்பலுமாய் அமர்ந்து, ‘பாவஞ்செய்தோம்’ என்று தம்மையும் சேர்த்தே அறிக்கையிடுகிறார். தீர்க்கதரிசனத்தைத் தியானிப்பது எப்படி என்பதற்கு வேதத்திலேயே இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கண்டனத்தை எப்போதும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவதும் நம்மிடம் உண்டு. ஆமோஸ் இதை அறிந்தே பேசுகிறார். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் பாதகங்களை வரிசையாகச் சொல்லும்போது கேட்பவர்கள் தலையசைத்திருப்பார்கள். அடுத்து யூதா, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலே. எட்டாம் அதிகாரத்தில் மரக்காலைக் குறைத்து, விலையை உயர்த்தி, கள்ளத்தராசில் நிறுத்து, கோதுமையின் பதரையும் விற்கிறவர்களை அவர் நிறுத்திக் கேட்கிறார். நெல்லும் தராசும் ஈரப்பதக் கழிவும் அன்றாடப் பேச்சாக இருக்கும் ஊரில் இதற்கு விரிவுரை தேவையில்லை. வாங்கும் இடத்தில் நமக்கு நேர்ந்த அநியாயம் உடனே நினைவுக்கு வரும். நடவுக்கு வந்த பெண்களின் கூலியில் நாம் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வரும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பதே தியானம்.

யோவேல் 2:23-இன் முன்மாரி, பின்மாரியை நம் ஊர் மழையாக எண்ணிவிடுவது சிறிய தவறுதான். அங்கே அக்டோபர், நவம்பரில் முன்மாரி பெய்தபின் விதைப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பெய்யும் பின்மாரிதான் கதிரை முற்றச் செய்யும். இங்கே கதிர் முற்றிய பிறகு, தை மாதத்தில் பெய்யும் மழை சம்பாவைச் சாய்த்துவிடும். அந்த நாட்டுப் பருவத்தை அறிந்தால் வாக்குத்தத்தத்தின் அருமை விளங்கும். எழுப்புதல் கூட்டங்களில் பரிசுத்த ஆவியின் பொழிவைப் பின்மாரி என்று சொல்லிக் கேட்டு ஜெபிக்கிறவர்கள், அதற்குப் பத்து வசனங்கள் முன்னே, வஸ்திரங்களையல்ல, இருதயங்களைக் கிழியுங்கள் என்று யோவேல் கேட்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எசேக்கியேலில் இறங்க வேண்டாம். ஆகாய் இரண்டே அதிகாரம்; பெர்சிய ராஜாவான தரியுவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520-ல், எந்த மாதம் எந்த நாளில் வார்த்தை வந்தது என்று அதிலேயே குறித்திருக்கிறது. அந்தத் தேதிகளைக் குறிப்பேட்டில் எழுதி, யாரிடம் பேசப்பட்டது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எதிரே எழுதுங்கள். அடுத்து, ஆமோஸின் காலத்து யெரொபெயாம் ராஜாவைப் பற்றிச் சொல்லும் 2 இராஜாக்கள் 14-ஆம் அதிகாரத்தை முதலில் வாசித்துவிட்டு, குடும்ப ஜெபத்தில் ஆமோஸை நாளுக்கு ஓர் அதிகாரமாகச் சத்தமாக வாசியுங்கள். ஒன்பது நாளில் முடிந்துவிடும்.