கடற்காற்றில் நமத்துப்போகாத சாக்லேட் டார்ட்

சுட்ட மாவுக் கிண்ணத்தில் சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூரணத்தை நிரப்பிச் செய்யும் இனிப்புதான் சாக்லேட் டார்ட். கீழக்கரையில் அதைச் செய்ய வெயிலையும் உப்புக்காற்றின் ஈரத்தையும் சமாளித்தாக வேண்டும். சாக்லேட்டும் கிரீமும் சம அளவு என்ற வழக்கமான கணக்கு இங்கே நிற்பதில்லை. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை மாதத்து அடுக்களையில் அந்தச் சூடு சாதாரணம். அதனால் 300 கிராம் கறுப்புச் சாக்லேட்டுக்கு 150 மில்லி கிரீம்தான் சேர்க்கிறேன்.

அடிமாவு நமத்துப்போவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மாவை நன்றாகச் சிவக்கச் சுட்டு, ஆறியதும் உருக்கிய சாக்லேட்டை உட்புறம் முழுவதும் மெல்லிதாகப் பூசிக் குளிரவைத்தேன். கிரீமின் ஈரம் மாவில் இறங்காமல் அந்தப் பூச்சு தடுத்துவிட்டது. மறுநாள் கத்தியை அழுத்தியபோது ‘நறுக்’கென்று உடைந்தது, அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு! சாயல்குடிக் கருப்பட்டியை மாவிலும் சேர்க்க ஆசைதான், ஆனால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடான கிரீமில் கரைத்து வடிகட்டி, பூரணத்தில் மட்டும் சேர்க்கிறேன்.

கலவை திரிந்து எண்ணெய் மிதந்தால் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள், பளபளப்பு திரும்பிவிடும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் ஓரம் உதிராது.