இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி விடவில்லையா? தடியைக் கை மாற்றிப் பாருங்கள்

இடுப்பு மூட்டு மாற்றி மாதங்கள் ஆகியும் தொடையும் பிட்டமும் வலித்தால் முதலில் கைத்தடியைக் கவனியுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரியவர்கள் பலர் வலிக்கிற பக்கமே தடியை ஊன்றுகிறார்கள், பாவம். ஆபரேஷன் ஆனது வலது கால் என்றால் தடி இடது கையில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பாரம் குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடத்தில் தடியின் பிடி வரட்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் முதுகு கூனும்.

தாழ்ந்த திண்ணையில் உட்கார வேண்டாம்; முட்டி இடுப்புக்கு மேலே போகக் கூடாது. நடந்து வந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், தையலில் நீர்க் கசிவு, திடீரென்று கால் ஊன்ற முடியாமை: இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.